குட்டிக்கரணம்

காரைக்குடி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சொக்கு,

உன் அம்மா காரியத்துக்கு வந்துவிட்டுப் போன நான் அதன் பிறகு ஒரு வரி எழுதவில்லை. உன் போனையும் இரண்டு தடவை எடுக்கவில்லை. திட்டுவதென்றால் இப்போதே திட்டிவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் சுகம். வள்ளியின் முழங்கால் வலி அப்படியேதான். மகன் வேலை மாறிவிட்டான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

52 வயதில் குட்டிக்கரணம் போடக் கற்றுக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே. சர்க்கரைக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால் காலையில் நீச்சலுக்குப் போகிறேன். 25 மீட்டர் குளம். 40 நீளம் போனால் ஒரு கிலோமீட்டர், அதாவது 39 தடவை சுவரில் திரும்ப வேண்டும். நான் ஒவ்வொரு தடவையும் சுவரைப் பிடித்து, மூச்சு வாங்கி, கண்ணாடியைத் துடைத்து, பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுகிறவன் மாதிரி முங்கி எழுந்து கிளம்புவேன். பக்கத்து லேனில் ஒரு கல்லூரிப் பெண் சுவரருகே மறைவாள், பார்த்தால் ஐந்தாறு மீட்டர் தள்ளிப் போய்க்கொண்டிருப்பாள். ஃபிளிப் டர்னாம், தண்ணீருக்குள் கரணம் போட்டுத் திரும்புவது. அங்கேதான் எனக்குக் கிறுக்குப் பிடித்தது.

சொல்வதற்கு லேசு. அடியில் ஓடுகிற கறுப்புக் கோடு சுவருக்கு 2 மீட்டர் முன்னால் ஒரு குறுக்குக் கோட்டோடு முடியும். அதைத் தாண்டியதும் மோவாயை நெஞ்சோடு ஒட்டி உருண்டுவிட வேண்டும். ஃப்ரீஸ்டைலில் சுவரைக் கையால் தொடவே வேண்டாம், கால் பட்டால் போதும். ஆனால் உருளும்போது மூக்கு வழியாகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் தண்ணீர் உச்சிக்கு ஏறும். முதல் வாரம் முழுக்க எனக்கு அதுதான் பிரசாதம். 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே உருளுங்கள் என்றான் கோச் தம்பி. குளியலறையில் வாளித் தண்ணீரில் முகத்தை விட்டு முனகிப் பழகினேன். "உள்ள யாருகிட்ட பேசுறீங்க?" என்று வள்ளி கதவைத் தட்டினாள்.

அப்புறம் தூரம். கிட்டே போய் உருண்டால் குதிகால் விளிம்பில் இடிக்கும். அது ஒன்றும் உங்கள் வீட்டு முகப்பில் பதித்த வழுவழு ஆத்தங்குடிக் கல் இல்லை, தோலை உரித்துவிட்டது. தள்ளி உருண்டால் கால் வெறும் தண்ணீரை உதைக்கும். மல்லாந்தபடியே சுவரை உந்திவிட்டு, பிறகுதான் குப்புறத் திரும்ப வேண்டுமாம். நான் முன்பே உடம்பை முறுக்கி, கோணலாகப் பாய்ந்து, அடுத்த லேன் பேங்க் மேனேஜர் வயிற்றில் முட்டினேன். என் நகைக்கடன் இனி அவ்வளவுதான்.

"சார், கடைசி நேரத்துல தலையத் தூக்கிச் சுவரப் பாக்குறீங்க" என்கிறான் தம்பி. பார்க்காமல் எப்படிடா? அவனுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். குடிக்கிற ஊருணியில் காலை நனைத்தாலே அடி விழும் என்பதால் நமக்குப் பெரியவீட்டுத் தோட்டக் கிணறுதானே. உன்னைப் பார்த்து நான் போட்ட ஒரே கரணம், எது மேல் எது கீழ் என்று தெரியாமல் அடியைப் பார்த்தே நீந்திக்கொண்டிருந்தேன். நீ முடியைப் பிடித்து இழுத்தாய். அம்மாவிடம் சொல்லாதே என்றேன். அவர்களோ எனக்குத் தலை துவட்டும்போதே கண்டுபிடித்துவிட்டார்கள், துண்டில் அவ்வளவு முடி. அடி மட்டும் உனக்கு விழுந்தது. காரியத்தன்று அதைச் சொல்லத்தான் உன் பக்கத்தில் வந்தேன். நீ அம்மா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய், எனக்கு வாய் வரவில்லை. போனை எடுக்காததும் அதனால்தான்.

போன வியாழன் ஒன்று சரியாக விழுந்தது. சுவரைப் பார்க்கவில்லை. உருண்டேன், இரண்டு பாதமும் பளிச்சென்று கல்லில் உட்கார்ந்தன. உந்தும்போது மல்லாந்த கண்ணுக்கு மேலே தண்ணீர் ஈயம் பூசிய தட்டு மாதிரி ஆடியது. அதுதான் மேல். சந்தேகமே இல்லை. அடுத்த திருப்பத்தில் வழக்கம்போல மூக்கில் ஏறியது, அது வேறு. இதுவரை ஒரு நாளில் அதிகபட்சம் நாலு.

தையில் வருகிறாய் அல்லவா? டிராயர் எடுத்து வா, வேட்டியோடு விடமாட்டார்கள். தொப்பியும் கட்டாயம். நீ கரை ஓரமாகவே நில், ஆனால் இந்தத் தடவை பிடித்து இழுக்க என் தலையில் முடி இல்லை.

அன்புடன்,
ராமு