பட்டாயா போய் வந்த சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பா,

போன வாரம் தாய்லாந்தின் பட்டாயாவில் எடுத்த படங்களைக் காட்டும்போது, "அந்த ஊரில் திருநங்கைகளுக்கு ஒரு குறையும் இல்லை, ராணி மாதிரி வாழ்கிறார்கள்" என்று சொன்னீர்கள். வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் நான் அப்போது பேசவில்லை. ஆனால் அது மனதைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் கண்ணால் பார்த்ததை நான் மறுக்கவில்லை. திருநங்கைகள் ஆடிப் பாடும் அந்த டிஃபனீஸ் ஷோ என்ற மேடை நிகழ்ச்சி 1974-இல் தொடங்கியது. 1998 முதல் நடக்கும், திருநங்கைகளுக்கான மிஸ் டிஃபனி அழகிப் போட்டியைத் தொலைக்காட்சியில் நேரலையாகவே காட்டியிருக்கிறார்கள். 2004-இல் அதில் வென்ற திரீசாடா பெட்சரத் பிறகு சினிமா நடிகையும் ஆனார். கடைகளில், அழகு நிலையங்களில், உணவகங்களில் திருநங்கைகள் சாதாரணமாக வேலை செய்வதையும் பார்த்திருப்பீர்கள். நம் ஊரில் அதற்கே இன்னும் எவ்வளவு தூரம் போகவேண்டும்!

ஆனால் மேடை விளக்கு அணைந்த பிறகு நடப்பது வேறு. ஆட்டம் முடிந்து வாசலில் நின்று உங்களோடு படம் எடுத்துக்கொண்டாரே, பச்சை உடைக்காரர், அவருடைய அடையாள அட்டையில் பெயருக்கு முன்னால் ஆண்களுக்கான அடைமொழிதான் இருக்கும். அறுவை சிகிச்சை செய்திருந்தாலும் அதுதான். பாஸ்போர்ட்டிலும் அப்படியே. அதை மாற்றிக்கொள்ள வழிசெய்யும் ஒரு மசோதாவை 2024 பிப்ரவரியில் தாய்லாந்து நாடாளுமன்றம் நிராகரித்துவிட்டது.

ராணுவ ஆள்சேர்ப்பு நாளை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது. அங்கே 21 வயதாகும் ஆண்கள் ஏப்ரல் மாதம் குலுக்கலுக்கு வரவேண்டும். சிவப்புச் சீட்டு வந்தால் படைக்குப் போகணும், கறுப்பு வந்தால் வீட்டுக்கு. காகிதத்தில் ஆணாக இருப்பதால் திருநங்கைகளும் அந்த வரிசையில் நிற்கவேண்டும். மருத்துவர் பார்த்து விலக்குக் கொடுப்பார், சரி. ஆனால் பல ஆண்டுகளாக அந்தச் சான்றிதழில் எழுதிய காரணம் என்ன தெரியுமா? 'நிரந்தர மனநோய்'. வேலை கேட்டுப் போகும் இடத்தில் அந்தத் தாளைக் காட்டினால் யார் வேலை கொடுப்பார்கள்? ஒருவர் வழக்குப் போட்டு, 2011-இல் நிர்வாக நீதிமன்றம் அந்த வார்த்தையை நீக்கச் சொன்னது. இத்தனை பேர் நடன மேடைக்கு வந்ததற்கு ஆட்டத்தின் மேல் உள்ள ஆசை மட்டுமா காரணம், சித்தப்பா?

அவர்களைக் குறிக்க 'சாவ் பிரபேத் சோங்' என்று ஒரு சொல் தாய்லாந்து மொழியில் உண்டு. 'இரண்டாம் வகைப் பெண்' என்று பொருள். நம்முடைய 'பேதம்' எந்த வடமொழி வேரிலிருந்து வந்ததோ, அங்கிருந்துதான் அந்த 'பிரபேத்'தும் போயிருக்கிறது. போன பிறவியில் செய்த பாவத்தால் இப்படிப் பிறந்தார்கள் என்று நம்புகிறவர்களும் அங்கே நிறைய. அந்த நம்பிக்கையில் இரக்கம் இருக்கிறது. சமமாகப் பார்ப்பது இல்லை.

நல்லது ஒன்றும் நடந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரி 23 முதல் அங்கே பாலினம் எதுவானாலும் இருவர் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாம். அந்தப் பச்சை உடைக்காரரும் இப்போது தனக்குப் பிடித்தவரோடு பதிவு அலுவலகம் போகலாம். ஆனால் அந்தப் பதிவிலும் மணப்பெண்ணின் பெயருக்கு முன்னால் ஆண் அடைமொழியே நிற்கும்.

சித்திக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். பொங்கலுக்கு வரும்போது மீதியைப் பேசலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்