பொதிகைக்கு வருகிறவர்கள் மூலிகையை விட்டுவிட்டுப் போங்கள்

அகத்தியர் மலை ஏற வரும் தமிழ்நாட்டு அன்பர்களுக்கு வணக்கம்.

நான் மலையின் கேரளப் பக்கத்து அடிவாரத்தில் இருக்கும் போணக்காட்டு லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலை வேலைக்கு வந்தவர். அம்மா முப்பது வருடம் கொழுந்து கிள்ளினார். எஸ்டேட் ஓய்ந்துவிட்டது, நாங்கள் இங்கேயே இருக்கிறோம். நீங்கள் பொதிகை என்று கும்பிடுகிற அந்த 1868 மீட்டர் முடியை, பாத்திரம் கழுவும்போதே நிமிர்ந்து பார்த்து வளர்ந்தோம்.

தை மாதம் வழி திறந்ததும் நாகர்கோவில், மதுரை, சென்னை என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறீர்கள். எங்கள் பேச்சைப் பேசுகிறவர்கள் வந்தாலே எங்களுக்கு மனது நிறையும். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். மலையிலிருந்து ஒரு வேர்கூட, ஒரு இலைகூடப் பறித்துக்கொண்டு போகாதீர்கள்.

2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 2019 ஜனவரியிலிருந்துதான் பெண்கள் உச்சிக்குப் போக முடிந்தது. நானும் அம்மாவும் அதற்குப் பிறகு ஒரு வருடம் போனோம். கரமனையாறு, அட்டையாறு, ஏழுமடக்கு, முட்டிடிச்சான் என்று முதல் நாள் முழுக்க நடை. அதிருமலையில் இரவு தங்கி, மறுநாள் பொங்காலப்பாறை தாண்டிக் கயிற்றைப் பிடித்து ஏறினோம். மேகம் விலகிய ஒரு நிமிடத்தில் மேற்கே கடல் வெள்ளிக் கோடாகத் தெரிந்தது. அம்மா வாய்விட்டு அழுதார்.

இறங்கி வரும்போதுதான் அது நடந்தது. எங்களோடு வந்த ஒருவர் வழி நெடுக, "இது எதுக்கு ஆகும், சர்க்கரைக்கு எது, மூட்டு வலிக்கு எது?" என்று வழிகாட்டியாக வந்த, இந்தக் காட்டுப் பழங்குடியான காணிக்காரரைத் துளைத்துக்கொண்டே இருந்தார். அதிருமலையில் அவர் பையைத் திறந்தபோது ஈர மண்ணோடு ஒரு பிடி செடிகள். காணிக்காரப் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. வாங்கிக்கொண்டு போய் ஓடைக்கரையில் குழி தோண்டி ஊன்றினார். "வேர் அறுந்துபோச்சு மக்களே, பிழைக்காது" என்று மட்டும் சொன்னார். அந்தக் கை மண்ணை எனக்கு மறக்க முடியவில்லை.

காணிக்காரர்கள் ஏன் வாயைத் திறக்கத் தயங்குகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 1987-இல் இந்தக் காட்டுக்கு வந்த ஆராய்ச்சியாளர்கள், கூட வந்த காணிக்காரர்கள் ஒரு சின்னக் காயைத் தின்றுவிட்டுக் களைக்காமல் நடப்பதைக் கண்டு கேட்டார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. 1995-இல் அதைத் தயாரிக்கும் உரிமம் 10 லட்சம் ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டு, வருவாயில் பாதி காணிக்காரர்களுக்கு என்று ஏற்பாடானது. பழங்குடியின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகமே பேசியது, அது நியாயம்தான். ஆனால் பெயர் பரவியதும் அந்தச் செடியைத் திருட்டுத்தனமாகப் பிடுங்கக் கிளம்பியவர்களும் உண்டு.

இன்னொன்று, செருப்பு வடிவில் மஞ்சள் பூப் பூக்கும் ஓர் ஆர்க்கிட். 1865-இல் கர்னல் ட்ரூரி இந்த மலையில் கண்டது. நெடுங்காலம் காணாமல்போய் 1972-இல் மறுபடி கிடைத்தது. சேதி தெரிந்ததும் ஆசைப்பட்டவர்கள் வாரிக்கொண்டு போனார்கள். இந்த மலைகளை விட்டால் அதற்கு வேறு வீடு கிடையாது.

அகத்தியர் வைத்தியருக்கெல்லாம் குரு என்பதால்தான் மூலிகை தேடுகிறீர்கள், தெரியும். என் அப்பாவும் சித்த மருந்தை நம்பியவர்தான். ஆனால் எந்தச் செடி, எந்தப் பருவம், எவ்வளவு அளவு என்று அறியாமல் பிடுங்கிய வேர் உங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வாடிவிடும். அதனால் யாருடைய சர்க்கரையும் இறங்கப்போவதில்லை. இது நெய்யாறு சரணாலயம், செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் உங்களைக் கூட்டிவந்த காணிக்காரருக்கும் சங்கடம். அந்த ஒன்றரை மாதக் கூலியை நம்பி அவர் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பூஜைப் பொருள், பிளாஸ்டிக் கூடாது என்பதையும் மீறாதீர்கள். கிழக்குச் சரிவில் தாமிரபரணி பிறக்கிறது, நெல்லையில் நீங்கள் குடிக்கிற தண்ணீர் அது. மேற்கே கரமனையாற்றைத் திருவனந்தபுரம் குடிக்கிறது.

செடிகளைப் பார்க்கத்தான் ஆசையென்றால் திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாலோட்டில் தாவரவியல் தோட்டம் இருக்கிறது, ஒரு நாள் ஒதுக்குங்கள். மலையில், காணிக்காரர் தாமாகச் சொன்னால் கேளுங்கள், சொல்லாததைத் துருவாதீர்கள்.

இறங்கி வரும்போது முதல் லயத்து வாசலில் அம்மா உட்கார்ந்திருப்பார். தமிழில் கூப்பிட்டால் போதும், சுக்குக் காப்பி போடுவார்.

அன்புடன்,
போணக்காட்டுப் பெண்