டக்வாமெனனில் எங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வீடு வந்து ஒரு வாரம் ஆகிறது. ஸ்வெட்டரை உதறினால் இன்னும் விறகுப் புகை வாசம் வருகிறது. அது போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் வடக்கே, மேல் தீபகற்பத்தில், டக்வாமெனன் அருவிப் பூங்கா. அங்கே கீழ் அருவி முகாமில் செப்டம்பர் நடுவிலிருந்து நான்கு வாரம் நானும் என் கணவரும் கேம்ப் ஹோஸ்ட்டாக இருந்தோம். வாரம் 30 மணி நேரம் சம்பளமில்லா வேலை, ட்ரெய்லரை நிறுத்த வாடகையில்லா இடம். வருகிறவர்களை வரவேற்பது, வழி சொல்வது, கிளம்பிப் போனவர்களின் நெருப்புக்குழியில் சாம்பல் அள்ளுவது, இவைதான் வேலை. இதற்குமுன் நாங்கள் ட்ரெய்லர் இழுத்ததே இல்லை. அதையும் இரவலாகத்தான் வாங்கிப் போனோம். "கீறல் விழுந்தா விழட்டும் அண்ணி, போயிட்டு வாங்க" என்று சாவியைக் கையில் வைத்த கேன்டன் நண்பருக்கு முதல் நன்றி.

அடுத்தது, எங்களுக்கு முன்பே அங்கே ஹோஸ்ட்டாக இருந்த பெரியவருக்கும் அவர் மனைவிக்கும். முதல் நாள் மாலை ட்ரெய்லரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் என் கணவர் வேர்த்து நின்றார். இந்தப் பக்கம் திருப்பினால் அது அந்தப் பக்கம் போனது. பெரியவர் வந்து ஜன்னலோரம் நின்றார். "ஸ்டியரிங்கின் அடியில் கையை வை. ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்து." அவ்வளவுதான் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒருமுறைகூட "தள்ளு, நான் ஓட்டுகிறேன்" என்று சொல்லவில்லை. கற்றுக்கொடுக்கிறவர்களில் இந்தப் பொறுமை உள்ளவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நிறங்களைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. நாங்கள் போனபோது காடு பச்சையாகத்தான் இருந்தது. செப்டம்பர் கடைசியில் ஒரு வாரத்துக்குள் எல்லாம் மாறிவிட்டது. ஷுகர் மேப்பிள் ஆரஞ்சும் சிவப்புமாக, ஆஸ்பென் மஞ்சள் காசு காசாக, பீச் மரம் வெண்கல நிறத்தில். இலைக்குள் மஞ்சள் கோடை முழுவதும் இருக்கிறது, பச்சையம் அதை மறைத்திருக்கிறது, பச்சையம் கரைந்ததும் வெளியே தெரிகிறது என்று ரேஞ்சர் அம்மா விளக்கினார். சிவப்பு அப்படியில்லையாம். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர் என்று இருந்தால், இலையில் தங்கிப்போகும் சர்க்கரையிலிருந்து புதிதாக உண்டாவது அது. அதைக் கேட்டதிலிருந்து ஒவ்வொரு இலையையும் இரண்டு தடவை பார்த்தேன். அருவியின் தண்ணீரோ அச்சு அசல் டிக்காஷன் நிறம். சிடார் மரச் சதுப்புகளின் டானின் என்ற பழுப்புச் சாயம் கலந்து வருவதால் அப்படி. மேல் அருவி சுமார் 50 அடி உயரம், 200 அடி அகலம். அத்தனை டிக்காஷனும் நுரைத்துக்கொண்டு விழுவதைப் பார்க்க, வேலை முடிந்ததும் தினமும் ஓடினோம். "சாம்பலை நாளைக்கு அள்ளலாம், வெளிச்சம் போகிறதுக்குள் போய்ப் பாருங்கள்" என்று எங்களை விரட்டிய ரேஞ்சர் அம்மாவுக்கு என் நன்றி.

வீட்டு விறகைக் கொண்டுவந்த டெட்ராய்ட் பக்கத்துக் குடும்பத்துக்கும் நன்றி. ஆஷ் மரங்களைத் துளைக்கும் பச்சை வண்டு 2002-ல் எங்கள் டெட்ராய்ட் பக்கம்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு கோடிக்கணக்கான மரங்கள் செத்துவிட்டன. விறகோடு வண்டும் பயணம் செய்யும். தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். முகம் சுளிக்காமல் அன்றிரவே அத்தனை விறகையும் எரித்துத் தீர்த்தார்கள். சனிக்கிழமை காலைகளில் என் சுக்குக் காபியைக் குடித்து, செய்முறை எழுதி வாங்கிப் போனவர்களையும் மறக்கமாட்டேன்.

ஊரில் எதிர் வீட்டு அக்கா, முதல் உறைபனி வருவதற்குள் எங்கள் கறிவேப்பிலைத் தொட்டியைத் தன் வீட்டுக்குள் தூக்கி வைத்திருக்கிறார். பத்து வருடச் செடி. இலை உதிராமல் அப்படியே திரும்பி வந்தது. அக்கா, இதற்கு என்ன சொல்வது!

கடைசியாக ஒருவருக்கு. மூன்றாம் வாரம் ஓர் இரவு, வெளியே உறைநிலைக்குக் கீழே குளிர், இரண்டு மணிக்கு எங்கள் ஹீட்டர் நின்றுவிட்டது. எரிவாயு தீர்ந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. டார்ச் வெளிச்சம் கண்டு பக்கத்து ட்ரெய்லரிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். தன் சிலிண்டரைக் கழற்றி எங்களுக்கு மாட்டிக் கொடுத்தார். சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றித் தடவிப் பார், எங்கே சில்லென்று ஆகிறதோ அதுவரைதான் வாயு இருக்கிறது என்று கற்றும் கொடுத்தார். காலையில் நாங்கள் விழிப்பதற்குள் கிளம்பிவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. விஸ்கான்சின் வண்டி என்பது மட்டும் நினைவிருக்கிறது.

ஐயா, உங்கள் சிலிண்டரை நிரப்பி எங்கள் கராஜில் வைத்திருக்கிறோம். இந்த மடலை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டினால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். நாங்களே கொண்டு வந்து தருகிறோம்.

அன்புடன்,
கீழ் அருவி முகாமின் சுக்குக் காபி அம்மாவும் அவரும்