குறைந்தபட்சத் தொகையோடு நிறுத்தாதே

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பு மகள்,

"கேட்கிற தொகையை மாதா மாதம் கட்டிக்கொண்டுதானே இருக்கிறேன் அம்மா" என்று நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய். கடன் அட்டைக்கு வங்கி கேட்பது குறைந்தபட்சத் தொகையை. அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். தொலைபேசியில் பேசினால் பாதியில் வேறு கதை வந்துவிடும்; அதனால் எழுதுகிறேன்.

அட்டையில் நிற்பதாக நீ சொன்ன இரண்டு இலட்சம் ரூபாக் கடனை வைத்துக் கணக்குப் பார்த்தேன். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 26 வீதம் என்றால், மாதத்துக்கு ஏறத்தாழ 4,300 ரூபா. குறைந்தபட்சத் தொகை நூற்றுக்கு ஐந்து என்றால் நீ கட்டுவது 10,000. அதில் வட்டி போக, வாங்கிய கடனில் கழிவது 5,700 ரூபாதான். அதே மாதம் வெள்ளவத்தைக் கடைகளில் ஆறாயிரத்துக்கு அட்டையைக் கொடுத்துவிட்டாய் என்றால், பத்தாயிரம் கட்டிய பிறகும் கடன் கூடித்தான் நிற்கும். உன்னுடைய கடைசி மூன்று மாதமும் இப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

முழுத் தொகையையும் உரிய திகதிக்குள் கட்டுகிறவர்களுக்குத்தான் வட்டியில்லாத நாட்கள் உண்டு. நிலுவை வைத்தவுடன் அந்தச் சலுகை போய்விடுகிறது. இன்று வாங்கும் பாணுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அட்டையைப் போட்டுக் காசாக எடுப்பது இன்னும் மோசம்: எடுத்த அன்றே வட்டி, அதற்கு மேல் கட்டணம். அதை மட்டும் எந்த அவசரத்துக்கும் செய்யாதே. அவசரம் என்றால் எனக்குச் சொல்.

கிராமிய வங்கியில், நகையை ஈடாகப் பிடித்துக் கடன் கொடுக்கிற அடைவுப் பகுதியில் வேலை செய்தவள் உன் அம்மா. கடன் வாங்குகிற முகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வெங்காய நடுகைக்கு முன்னும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்னும் பெண்கள் காப்பும் சங்கிலியுமாக வருவார்கள். அடைவுத் துண்டை வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, மீட்கவேண்டிய திகதியை இரண்டு தரம் கேட்பார்கள். வீட்டுக்குப் போனால் வெறுங்கையை மாமியார் பார்ப்பார், பிள்ளைகள் பார்ப்பார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் செலவு ஒடுங்கும். நகை திரும்பி வரும்வரைக்கும் எல்லோருக்கும் அதே நினைவுதான். அட்டைக் கடனில் வீட்டிலிருந்து ஒரு பொருளும் குறைவதில்லை. மாறாக, புதிய பொருள்தான் வந்து சேருகிறது. கடன்பட்டிருக்கிறோம் என்பதை வீட்டில் எதுவும் நினைவூட்டாது. எனக்குப் பயம் அதுதான். அடைவு வைப்பதை வெட்கமென்று நினைக்கிற நம்முடைய சனம், அதைவிடக் கூடிய வட்டிக்கு அட்டையில் கடன்படுவதைக் கௌரவமாக நினைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வந்த மச்சாள்மாருடன் திரிந்தபோது, சாப்பாட்டுக் கடைகளில் நீதான் முந்திக்கொண்டு பணம் கொடுத்தாய் என்று கேள்விப்பட்டேன். விருந்தினரைக் கவனிக்க வேண்டும், சரி. ஆனால் அவர்கள் அங்கே உழைக்கிற காசுக்கு ஈடாக நீ இங்கே நிற்கத் தேவையில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டுக் கூழ் காய்ச்சிக் கொடுத்திருந்தால் அவர்களுக்கு அதுதான் பெரிய சந்தோசம். எனக்கு அனுப்பிய சலவை இயந்திரமும் அட்டையில் வாங்கியதுதானே? இனிமேல் எனக்கென்று அட்டையில் ஒன்றும் வாங்காதே, பிள்ளை.

இந்த வட்டி எப்போதும் ஒரே அளவில் நிற்பதும் இல்லை. 2020இல் மத்திய வங்கி கடன் அட்டைக்கு 18 வீதம் என்று உச்சவரம்பு வைத்தது. 2022இல் அது நீக்கப்பட்ட பிறகு 36 வீதம்வரை ஏறியது. நிலுவையோடு இருந்தவர்கள்தான் அகப்பட்டார்கள். நாளைக்குக் காணி வாங்கவோ வீடு கட்டவோ நீ கடன் கேட்டால், யார் எவ்வளவு கடன்பட்டு எப்படிக் கட்டினார் என்று பதிந்து வைக்கிற கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் வங்கி முடிவெடுக்கும். அதில் இந்த அட்டையும் இருக்கும்.

நான் யோசித்திருப்பது இது. என் காப்புகள் இரண்டையும் அடைவு வைக்கிறேன். இப்போது அடைவு வட்டி அட்டை வட்டியைவிடக் குறைவு. அந்தப் பணத்தில் அட்டை நிலுவையை ஒரேயடியாகத் தீர்த்துவிடு. பிறகு சம்பளம் வந்த அன்றே எனக்கு 15,000 அனுப்பு. நான் கட்டி மீட்கிறேன். காப்பு எப்போது போனது, எப்போது வரும் என்று உனக்கும் தெரிந்திருக்கும். ஆனால் காப்பு திரும்பும்வரைக்கும் அட்டையைத் தொடக்கூடாது. கைபேசிச் செயலிகளில் சேமித்து வைத்திருக்கும் அட்டை இலக்கத்தையும் அழித்துவிடு. வங்கிக்குப் போய்க் கடன் எல்லையை ஒரு மாதச் சம்பளத்தின் பாதியாகக் குறைக்கச் சொல். கூட்டித் தருகிறோம் என்று அவர்கள் அழைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

இதற்கு நீ சம்மதம் என்றால், வங்கி அனுப்பிய கடைசி மூன்று மாத அட்டைக் கணக்குக் கூற்றுகளையும் படமெடுத்து வெள்ளிக்கிழமைக்கு முன் அனுப்பு. திங்கட்கிழமை காலையில் வங்கிக்குப் போகிறேன்.

அன்புடன்,
அம்மா