திரைவாசிப்பான் கொண்டும் பக்கம் வடிவமைக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்வையற்ற இளைஞர்களுக்கான கணினிப் பயிற்சி குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை, கணினித் திரையில் உள்ளதை ஒலியாக வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் வழியாகப் படித்தேன். பயிற்சியின் தேவையை நன்றாகவே எடுத்துரைத்த அக்கட்டுரை, பார்வையற்றவர் தட்டச்சு செய்துவிடுவார், ஆனால் தலைப்பைத் தடிமனாக்குவது, ஓரம் விடுவது, பக்கத்தைச் சீராக்குவது ஆகியவற்றைப் பார்வையுள்ள ஒருவர்தான் முடித்துத் தர வேண்டும் என்று போகிற போக்கில் சொல்லிச் சென்றது. தக்கலை வட்டாரப் பள்ளி ஒன்றில் வரலாறு கற்பிக்கும் பார்வையற்ற ஆசிரியன் நான். என் வினாத்தாள்களையும் அலுவலகக் கடிதங்களையும் நானே வடிவமைத்து அச்சுக்குக் கொடுத்துவருகிறேன். அந்த ஒரு வரியை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

திரைவாசிப்பான் இயல்பாகச் சொற்களை மட்டுமே வாசிக்கும். ஒரு சொல் தடித்த எழுத்தில் உள்ளதா, எந்த அளவில் உள்ளது என்பதைக் கேட்டால்தான் சொல்லும். அப்படி இருப்பதே நல்லது. ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்துருவின் பெயரையும் நிறத்தையும் ஒப்பித்துக்கொண்டிருந்தால், எழுதுகிறவர் தாம் தொடங்கிய வாக்கியத்தையே மறந்துவிடுவார். என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பு மென்பொருளில் இன்செர்ட் விசையுடன் எஃப் விசையை அழுத்தினால், கர்சர் நிற்கும் இடத்தின் எழுத்துரு, அளவு, சீரமைப்பு ஆகியவை ஒலிக்கும். இருமுறை அழுத்தினால் அதே விவரம் தனிச் சாளரத்தில் திறக்கும், நிதானமாக வரிவரியாகப் படித்துக்கொள்ளலாம். இன்செர்ட், கன்ட்ரோல், டி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால், எவையெவை தாமாக அறிவிக்கப்பட வேண்டும் என்று தேர்ந்துகொள்ளும் பகுதி வரும். எழுதும்போது அவற்றை அணைத்து வைத்துவிட்டு, மெய்ப்புப் பார்க்கும்போது மட்டும் இயக்கிக்கொள்வது என் வழக்கம். 2006இல் இம்மென்பொருளை உருவாக்கத் தொடங்கிய ஆஸ்திரேலியரான மைக்கேல் கர்ரன் தாமும் பார்வையற்றவர் என்பது, இதைப் பயன்படுத்தும்போதெல்லாம் எனக்குப் புலப்படுகிறது.

தடிமனாக்கவும் நடுவில் நிறுத்தவும் விசைகள் இருப்பது பலரும் அறிந்ததே. பார்வையற்றவருக்கு அவற்றைவிடப் பெரிய துணை, ஒரு வரி தலைப்பா, துணைத்தலைப்பா என்று குறித்து அதன் தோற்றத்தையும் சேர்த்தே அமைக்கும், வேர்டில் உள்ள ஸ்டைல் வசதி. கன்ட்ரோல், ஆல்ட், 1 ஆகியவற்றை அழுத்தினால் அந்த வரி முதல்நிலைத் தலைப்பாகிறது. 2 என்றால் துணைத்தலைப்பு. இப்படி இட்ட தலைப்பைத் திரைவாசிப்பான் தலைப்பு என்றே அறிவிக்கும். இன்செர்ட்டுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தி வாசிப்பு நிலைக்கு மாறிய பின், எச் விசையை மட்டும் தட்டித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். மாறாக, வரியைத் தேர்ந்தெடுத்துத் தடிமனாக்கி அளவைக் கூட்டி வைத்தால், அது கண்ணுக்குத்தான் தலைப்பு, கணினிக்கு வெறும் பெரிய எழுத்து. நீண்ட சுற்றறிக்கை ஒன்று இவ்வாறு வந்தால், வேண்டிய பகுதியைக் கண்டுபிடிக்க முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. தலைப்புகளின் அளவைக் குறைக்கும்படி தலைமையாசிரியர் சொன்னால், நான் ஸ்டைலை ஒரே இடத்தில் திருத்திவிட்டு எழுந்துவிடுவேன். ஒவ்வொன்றாகத் தடிமனாக்கியவர் பக்கம் பக்கமாகத் தேடிக்கொண்டிருப்பார்.

ஸ்பேஸ் பாரைப் பலமுறை தட்டித் தேதியை வலப்பக்கம் தள்ளுவதும், அடுத்த பக்கத்துக்குப் போக என்டரை அழுத்திக்கொண்டே இருப்பதும் நம் ஊர்த் தட்டச்சில் ஊறிப்போன பழக்கங்கள். வெற்று வரிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கடக்கும் எரிச்சல் ஒருபுறமிருக்க, மேலே ஒரு வரி சேர்ந்தாலே பக்க அமைப்பு முழுவதும் குலைந்துவிடும். கன்ட்ரோலுடன் என்டரை ஒருமுறை அழுத்தினால் புதிய பக்கம் வந்துவிடுகிறது. படங்களை எழுத்தின்மீது ஏறாமல் நிறுத்துவதில் மட்டும் எனக்கு இன்னும் ஐயம் உண்டு. அதனால் படத்தை வரியோடு வரியாக நிற்கும்படி அமைத்துவிட்டு, அச்சுக்கு முன் சக ஆசிரியர் ஒருவரிடம் காட்டிக்கொள்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை தமிழ் எழுத்துருதான். எழுத்துகளுக்குக் கணினியில் எண் வழங்கும் குறிமுறைகளான யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே தரமாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் நம் மாவட்டத்து டிடிபி கடைகளிலிருந்து எனக்கு வரும் கோப்புகள் பல இன்றும் பழைய எழுத்துருக்களிலேயே இருக்கின்றன. அவற்றுள் ஒன்றான பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால், திரையில் தமிழ் தெரிந்தாலும், கோப்பில் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. திரைவாசிப்பான் உள்ளதை உள்ளபடி வாசிப்பதால், விண்ணப்பப் படிவமானாலும் கோயில் கொடை நோட்டீஸானாலும் காதில் விழுவது பொருளற்ற ஓசைதான். யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றையும் தமிழெழுத்தாக்கிக் குழப்பிவிடும். தமிழோடு மலையாளமும் புழங்கும் விளவங்கோடு பகுதியில் இரு மொழிக்கும் பழைய எழுத்துருக்களைக் கலந்து அடித்த கோப்பு வந்தால், அதைச் சீர்செய்வதைவிடப் புதிதாக அடிப்பதே எளிது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 42ஆம் பிரிவு, மின்னணு ஊடக உள்ளடக்கம் எங்களுக்கு அணுகத்தக்க வடிவில் இருப்பதை உறுதிசெய்யும் பொறுப்பை அரசின்மீது சுமத்துகிறது. அலுவலகங்கள் படிவங்களை ஸ்கேன் செய்த படமாக அனுப்பாமல், யூனிகோடில், தலைப்பு ஸ்டைல்களோடு அனுப்பினாலே பெரும்பகுதி நிறைவேறிவிடும். இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. தங்கள் கட்டுரை குறிப்பிட்ட பயிற்சியும் தட்டச்சோடு நின்றுவிடாமல், ஸ்டைல் இடுவது, வடிவமைப்பைக் கேட்டுச் சரிபார்ப்பது, பழைய எழுத்துருக் கோப்பை மாற்றுவது ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சி அளிப்பவர்கள் விரும்பினால், இதற்கான தமிழ்ப் பாடக்குறிப்புகளை விடுமுறை நாட்களில் எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பார்வையற்ற ஆசிரியர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.