மான் இணைசேர்றதுக்கு காரணம் குளிர் இல்லங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல அமெரிக்க மான் பத்தி ஒரு துணுக்கு போட்டிருந்தீங்க, குளிர் ஆரம்பிச்சதும் அங்க மானுங்க ஜோடி சேர ஆரம்பிக்கும்னு. அது தப்புங்க. பென்சில்வேனியாவுல மக வீட்டுக்கு நான் வந்து தங்கறது இது மூணாவது வருஷம், இங்க அக்கம்பக்கத்துலயும் குளிர் தான் காரணம்னு தப்பா சொல்றாங்க, சில பேரு பௌர்ணமி கணக்கு வேற சொல்றாங்க. ஜோடி சேர்ற காலத்துல தான் மானுங்க ஒண்ண ஒண்ணு துரத்திட்டு ரோட்டுல குறுக்க ஓடும், இத நம்பி "இன்னும் குளிரே வரல, மான் வராது"ன்னு அசால்ட்டா வண்டி ஓட்டறவங்க இருக்காங்க, அதனால தான் எழுதறேன்.

இங்க இருக்குறது வெள்ளைவால் மான். அதுக்கு காலண்டர் பகல் வெளிச்சம் தான். ஜூன்ல இங்க பகல் சுமாரா 15 மணி நேரம், நவம்பர் நடுவுல 10 மணி நேரத்துக்கு வந்துடும். ராத்திரி நீள நீள மூளையில இருக்குற பீனியல் சுரப்பி மெலடோனின்ங்கற ஹார்மோன ரொம்ப நேரம் சுரக்கும், அத வச்சு உடம்பு இது எந்த மாசம்னு தெரிஞ்சிக்குது, கடாவுக்கு டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன் ஏறி கொம்பு மேல மூடியிருந்த வெல்வெட் தோல் செப்டம்பர்லயே உரிஞ்சிடும், கழுத்து தடிச்சிடும், பெண் மானுங்க நவம்பர் நடுவுல தான் அதிகமா பருவத்துக்கு வரும். சினைக்காலம் கிட்டத்தட்ட 200 நாள். கணக்கு போட்டு பாருங்க, குட்டி ஜூன் வாக்குல விழும், பச்சை இருக்கும், பால் இருக்கும், அடுத்த பனிக்கு முன்னாடி குட்டி வளர்ந்துடும். குளிர் ஒரு வருஷம் முன்னாடி வரும் ஒரு வருஷம் பின்னாடி வரும், அத நம்பி இணைசேர்ந்தா குட்டி பொழைக்காது.

இதுக்கு நல்ல அத்தாட்சி நியூசிலாந்துல இருக்கு. பிரிட்டன்ல சிவப்பு மான் இணைசேர்றது செப்டம்பர் கடைசி, அக்டோபர்ல. அதையே 19ஆம் நூற்றாண்டுல கப்பல்ல ஏத்தி நியூசிலாந்துல கொண்டு போய் விட்டாங்க, அங்க அது மார்ச் ஏப்ரலுக்கு மாறிடுச்சு. அதே மான் தான், நியூசிலாந்து பூமியோட தென்பாதியில இருக்குறதால அங்க பகல் குறையற மாசம் தான் வேற.

நம்ம கிண்டி புள்ளிமான் கதை வேறங்க. சென்னையில வருஷத்தோட நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசமே ஒண்ணரை மணி நேரம் தான், அதனால ஒரே கூட்டத்துல ஒரு கடா முத்தின கொம்போட நிக்கும், இன்னொண்ணு வெல்வெட்டோட நிக்கும், குட்டி எந்த மாசமும் பார்க்கலாம். எல்லா மானுக்கும் ஒரே விதின்னு துணுக்குல எழுதக்கூடாது.

குளிரடிச்சா இங்க மான் பகல்லயும் நடமாடும், வெயில் அடிச்சா ராத்திரியில தான் அலையும், கண்ணுல படறது கூடுது குறையுது, அத பார்த்து தான் குளிர் தான் காரணம்னு நினைச்சிடறாங்க. போன நவம்பர்ல ஸ்வெட்டர் கூட வேணாம்ங்கற மாதிரி ஒரு சாயங்காலம், மாப்பிள்ளை ஓட்டிட்டு வர்றாரு, ஒரு பெண் மான் குறுக்க ஓடிச்சு, அப்பாடான்னு வேகம் எடுத்தாரு, பின்னாலயே துரத்திட்டு வந்த கடா பம்பர்ல மோதிடுச்சு. எங்களுக்கு ஒண்ணும் ஆகல, அந்த மான் ரோட்டோரமா கிடந்தது இன்னும் கண்ணுலயே நிக்குது.

இதுல இன்னொண்ணு, நவம்பர் முதல் ஞாயிறு இங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வைப்பாங்க, ஆபீஸ் விட்டு வர்ற நேரமே இருட்டாயிடும், மானுங்க ஓடற நேரமும் அதே தான். அந்த மாத்தத்துக்கு அடுத்த ஒரு வாரத்துல மான் மோதல் 16 சதவீதம் கூடுதுன்னு 2022ல ஒரு ஆய்வு வந்துச்சு.

பிள்ளைங்க இந்தப் பக்கம் இருக்குற அப்பா அம்மா நிறைய பேரு உங்க பேப்பர் படிக்கிறாங்க. தயவுசெஞ்சு அந்த திருத்தத்த அக்டோபர் முடியறதுக்குள்ள போடுங்க. ஒரு மான் தாண்டுனா பின்னால இன்னொண்ணு வரும்னு நின்னு பார்த்துட்டு போகணும், ஸ்டீயரிங்க ஒடிக்காம பிரேக்க மட்டும் அழுத்தணும்னு அதுலயே ரெண்டு வரி சேர்த்துடுங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர் ஒருத்தர்,
பென்சில்வேனியாவிலிருந்து