வயது வந்தோர் வகுப்பில் பேசவும் நேரம் வேண்டும்

தமிழ்நாட்டில் வயது வந்தோர் கல்விக்குப் பாடமும் பயிற்சியும் தேர்வும் திட்டமிடுகிறவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர் எழுத்தறிவு மையத்தில் மாலை நேரத்தில் பாடம் எடுக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. பதினைந்து வயதைத் தாண்டிய, எழுதப் படிக்கத் தெரியாத யாரும் வந்து உட்காரலாம் என்று ஒரு வழி இருப்பதே பெரிய விஷயம். அதை நான் குறைத்துப் பேச வரவில்லை. கேட்க வந்தது ஒன்றுதான். வகுப்பில் கற்போர் தங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேசவும், அதை அலசிப் பார்க்கவும் நேரம் ஒதுக்குங்கள். மிச்சம் இருந்தால் பேசிக்கொள்ளலாம் என்றில்லாமல், எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒதுக்குவதுபோலவே கால அட்டவணையில் போட்டு ஒதுக்குங்கள்.

எங்கள் மையத்துக்கு வருகிறவர்களில் பூ விற்கிறவர் உண்டு, சித்தாள் உண்டு, வீட்டு வேலை செய்கிறவர்கள் உண்டு, ஆடு வளர்க்கும் பெரியவர் ஒருவர் உண்டு. முழம் போட்டுப் பூவை அளந்து, சில்லறை கொடுத்து, மறுநாள் கொள்முதலுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போடுகிற அம்மாவிடம் போய், மூன்று மாம்பழத்தில் ஒன்றை எடுத்தால் மீதி எத்தனை என்று கேட்பது எனக்கே கூச்சமாக இருந்தது. கழித்தல் பாடத்தன்று மாம்பழத்தை விட்டுவிட்டு, "தண்டல் வாங்கியிருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன். வகுப்பில் பாதிப்பேர் வாங்கியிருந்தார்கள்.

"பத்தாயிரம்னு பேரு. கையில எட்டாயிரத்து ஐந்நூறு வரும். தினம் நூறு, நூறு நாளைக்குக் கட்டணும்" என்றார் பூக்கார அம்மா.

கரும்பலகையில் 10,000 எழுதி, அதன் கீழே 8,500 எழுதி முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது. அந்த ஆயிரத்து ஐந்நூறு எதற்கு என்று கேட்டேன். "அது பிடித்தம். எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார்கள். வருஷத்துக்கு எத்தனை தண்டல் என்று கேட்டேன். ஒன்று முடிந்ததும் அடுத்தது, ஆக மூன்று. மூன்று பிடித்தத்தைக் கூட்டி 4,500 என்று எழுதிக் காட்டியபோது வகுப்பு கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் சித்தாள் வேலைக்குப் போகிற தங்கச்சி ஒரு கேள்வி கேட்டாள். "அம்பதாவது நாள்லயே ஐயாயிரம் திருப்பிக் கட்டிட்டோமே அக்கா. நம்ம கையில பாதிப் பணம்கூட இல்ல. அப்புறம் வட்டி மட்டும் ஏன் முழுசுக்கும் போகுது?"

வட்டிக் கணக்கின் மையமே அந்தக் கேள்விதான். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்கிட்டால், இந்தத் தண்டலின் வட்டி ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் அதை நானாகச் சொல்லித் தராமலேயே எட்டிப்பிடித்தாள். அந்தப் பணத்தைத் தினமும் கையால் எண்ணிக் கொடுத்திருக்கிறாள், அதனால் முடிந்தது.

அடுத்த வகுப்பில் சாலையோர வியாபாரிகளுக்காக 2020இல் வந்த பிஎம் ஸ்வநிதி கடனைப் பற்றிப் பேச்சு வந்தது. விண்ணப்பத்தில் வரும் சொற்களே அன்றைய வாசிப்புப் பாடம். உடனே எல்லோரும் தண்டலை விட்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். "பேங்குக்கு நாலு தடவ அலையணும். தண்டல்காரர் கடைக்கே வந்து குடுக்கிறாரு. ஒரு நாள் அலைஞ்சா ஒரு நாள் வியாபாரம் போச்சு" என்றார் பூக்கார அம்மா. அதுவும் நியாயமான கணக்குத்தான். அதையும் பலகையில் எழுதினோம். ஆனால், "எல்லாருக்கும் அப்படித்தான்" என்ற பேச்சு அதன் பிறகு வகுப்பில் வரவில்லை.

வயது வந்தவர்கள் அனுபவத்திலிருந்து கற்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி. அனுபவம் தப்பாகவும் சொல்லித் தரும். எங்கள் வகுப்பில் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலர். மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியதிலிருந்து மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் தலைசுற்றல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். உடம்பு நல்லாயிருந்தால் மருந்து வேண்டாம் என்று காய்ச்சலும் சளியும் ஆயுள் முழுக்கச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. மாத்திரை அட்டையில் இருக்கும் பெயரை வாசிக்கக் கற்றுக்கொடுத்தால் மட்டும் இந்தப் பழக்கம் மாறாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், தன் வீட்டுக்காரர் இப்படி நிறுத்தியதையும், பிறகு ஒரு பக்கம் கை கால் விழுந்ததையும் சொன்னபோதுதான் மற்றவர்கள் தங்கள் பழக்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் அனுபவத்தை இன்னொருவர் அனுபவத்தோடு உரசிப் பார்க்க இடம் வேண்டும். அந்த இடம் வகுப்பாகத்தான் இருக்க முடியும்.

இதைவிட ஆழமாகப் பதிந்த தப்புப் பாடம் ஒன்று உண்டு. "எனக்கெல்லாம் மண்டையில ஏறாதும்மா" என்று முதல் நாளே சொல்கிறவர்களைப் பார்க்காத தன்னார்வலர் இருக்க மாட்டார். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சின்ன வயதில் யாரோ சொன்னதை, வாழ்க்கை திரும்பத் திரும்ப உறுதிசெய்ததை, அவர்கள் தங்களைப் பற்றிய உண்மையாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அமெரிக்கக் கல்வியாளர் ஜாக் மெசிரோ, இடையில் படிப்பை விட்டு மறுபடி கல்லூரிக்கு வந்த பெண்களை ஆராய்ந்து 1978இல் எழுதியது இதைப் பற்றித்தான். நம்மைப் பற்றி நாமே கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட முடிவுகளை எடுத்துவைத்துப் பரிசோதிப்பதுதான் பெரியவர்கள் கற்பதில் நடக்கும் பெரிய மாற்றம் என்றார் அவர். நீங்கள் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று ஒரு நாள் முழுக்கப் பேசவிட்டால் போதும். தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்தினார்கள், பெரியவளானதும் நிறுத்தினார்கள், மாடு மேய்க்க அனுப்பினார்கள் என்று வரிசையாக வரும். மண்டையைப் பற்றி ஒருவர்கூடச் சொல்ல மாட்டார். கேட்கிற மற்றவர்களுக்கும் அது புரியும்.

இதெல்லாம் புதுசு இல்லை. நம் மண்ணிலேயே நடந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கத்தின் பாடப்புத்தகத்தில் சாராயத்தைப் பற்றியும் பெண்கள் ஒன்றுசேர்வதைப் பற்றியும் கதைப்பாடங்கள் வந்தன. துபகுண்டா கிராமத்துப் பெண்கள் அதை வாசித்ததோடு நிற்கவில்லை. கூலிப் பணம் எங்கே போகிறது, சாராயம் மட்டும் எப்படி ஊருக்குள் தவறாமல் வருகிறது என்று தங்கள் வீட்டுக் கதையை வைத்துப் பேசினார்கள். 1992இல் ஊர்ச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது மாவட்டம் முழுக்கப் பரவி, 1993 அக்டோபர் முதல் நாளிலிருந்து ஆந்திர அரசே மாநிலம் முழுவதும் சாராயத்தைத் தடைசெய்யும் நிலைக்கு வந்தது. அந்தப் பெண்களுக்கு யாரும் சாராயத்தின் கேட்டைச் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை. அது தலையெழுத்து இல்லை என்பதை அவர்கள் ஒன்றாக உட்கார்ந்துதான் கண்டுபிடித்தார்கள்.

அதே காலத்தில் நம் புதுக்கோட்டையில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இருந்தபோது, அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கூலிக்குக் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். தண்ணீருக்கும் சந்தைக்கும் எவ்வளவு தூரம் நடக்கிறோம், கல்லில் வரும் லாபம் யாருக்குப் போகிறது என்ற பேச்சு இல்லாமல் இந்த இரண்டும் ஒரு பாடத்திட்டத்துக்குள் வந்திருக்காது.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜான்ஸ் தீவில் 1957 ஜனவரியில் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கிய குடியுரிமைப் பள்ளியையும் சொல்ல வேண்டும். அதன் முதல் ஆசிரியர் பெர்னிஸ் ராபின்சன் ஓர் அழகுக்கலைஞர், பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை. வந்தவர்களிடம் அவர் முதலில் கேட்டது, நீங்கள் என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று. பைபிள் வாசிக்க வேண்டும், பெயர் எழுத வேண்டும், பணவிடைப் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். பாடம் அதிலிருந்தே தொடங்கியது. வாக்காளராகப் பதியவேண்டுமானால் அரசமைப்புச் சட்டத்தை வாசித்துக் காட்ட வேண்டும் என்ற தடையையும் அந்த வகுப்புகளில் படித்தவர்கள் தாண்டினார்கள். நம் தன்னார்வலர்களும் பெரும்பாலும் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இல்லை. கேட்கத் தெரிந்தால் போதும், அந்தக் குறை பெரிதில்லை.

இப்போது நடப்புக்கு வருகிறேன். நம் மையங்கள் நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் ஐந்து அங்கங்களில் ஒன்றுதான். வாழ்வியல் திறன்கள், தொழில் திறன், அடிப்படைக் கல்வி, தொடர்கல்வி ஆகியவையும் அதில் உள்ளன. ஆனால் தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு: வாசிப்புக்கு 50, எழுத்துக்கு 50, எண்ணுக்கு 50. தேர்வில் எது இருக்கிறதோ அதுதான் வகுப்பில் நடக்கும், இது உங்களுக்கே தெரியும். தேர்வு நெருங்கினால் தண்டல் கணக்கை நிறுத்திவிட்டு மாதிரி வினாத்தாளுக்குப் போகத்தான் எந்தத் தன்னார்வலருக்கும் தோன்றும்.

தேர்வை எடுக்கச் சொல்லவில்லை. சான்றிதழைக் கையில் வாங்கும்போது அவர்கள் முகத்தில் தெரியும் சந்தோஷம் எனக்குத் தெரியும். ஆனால் வாரத்தில் ஒரு வகுப்பையாவது பேச்சுக்கென்றே ஒதுக்கி அட்டவணையில் போடுங்கள். தன்னார்வலர் பயிற்சியில் ஒரு முழு அமர்வை, கேள்வி கேட்பதற்கும் குறுக்கிடாமல் கேட்பதற்கும் கொடுங்கள். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அலசிப் பார்ப்பது என்று ஆரம்பித்து, தன்னார்வலர் தன் கருத்தைப் பிரசங்கமாகக் கொட்டிவிடக்கூடும். அது பழைய வகுப்பைவிட மோசம். கற்போர் சொன்னதிலிருந்து அடுத்த கேள்வியை எடுப்பதற்குப் பழக்கம் வேண்டும், அதனால்தான் பயிற்சி கேட்கிறேன். சில பேச்சு சங்கடமாகப் போகும். சாதி வரும், குடி வரும், கூலி பாக்கி வரும், உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் பெயர் வரும். அப்போது தன்னார்வலரைத் தனியே விட்டுவிடாமல், பேசச் சொன்னது நாங்கள்தான் என்று நீங்கள் நிற்க வேண்டும்.

அப்புறம், பாடநூலில் ஒவ்வொரு பாடத்துக்குப் பிறகும் ஒரு பக்கத்தைக் காலியாக விடுங்கள். அந்தந்த மையத்தில் பேசியதிலிருந்து கற்போர் சொன்ன வரிகளை, அவர்கள் சொன்னபடியே தன்னார்வலர் எழுதிவைக்கட்டும். அடுத்த வாரம் அதையே வாசிக்கட்டும். தன் வாயிலிருந்து வந்த வரியை எழுத்தில் பார்க்கிறவர் அதை வாசிக்காமல் விடமாட்டார். ஆண்டு முடிவில் அந்தப் பக்கங்களைத் திரட்டிப் படித்துப் பாருங்கள், அடுத்த பாடநூலுக்கு வேண்டியது அதிலேயே கிடைக்கும். சோதனை முயற்சியாக ஒரே ஒரு ஒன்றியத்தில் தொடங்கினாலும் சரி. எங்கள் மையத்தில் எழுதிவைத்திருக்கும் வரிகளை, சொன்னவர்களின் சம்மதத்தோடு, எப்போது கேட்டாலும் அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் எழுத்தறிவு மையத் தன்னார்வலர்